அடியிலிருந்து மேலே: பழைய சீன நீல-வெள்ளைப் பீங்கானை இனம்காண ஒரு முழுமையான வழிகாட்டி

2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு வீட்டு வாசலில் நடந்த பழைய சாமான் விற்பனையில் ஒருவர் 35 டாலர் கொடுத்து ஒரு சிறு கிண்ணத்தை வாங்கினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க் சோத்பிஸ் ஏலத்தில் அது 7,21,800 டாலருக்கு விலைபோயிற்று. சுமார் 16 செ.மீ. அகலமுள்ள அந்தக் கிண்ணம், மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லெயின் காலத்தில், அதாவது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்டது. செய்தித்தாள்கள் விலையைப் பெரிதாகப் போட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: யோங்லெ கால நீல-வெள்ளைக் கலங்களின் அடியில் பேரரசரின் பெயர்க்குறி பெரும்பாலும் இருப்பதே இல்லை. அப்படிப்பட்ட கலத்தை மண்ணும், பூச்சும், நீலமும், வடிவமும்தான் அடையாளம் காட்ட வேண்டும். புதிதாகச் சேகரிக்க வருபவர்களோ கலத்தைக் கவிழ்த்துக் குறியைத்தான் முதலில் படிக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் குறி எட்டாம் படியில்தான் வருகிறது.

தொடங்குமுன்: இது எப்படிச் செய்யப்பட்டது?

ஒரு கலத்தின் வயதைச் சொல்லும் தடயங்கள் அனைத்தும் அதைச் செய்த முறையிலிருந்து வருபவை. எனவே செய்முறையைச் சுருக்கமாகவேனும் அறிந்திருக்க வேண்டும். சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் உள்ள ஜிங்டெஜென் நகரமே இதன் தாயகம். அங்கே கிடைக்கும் பீங்கான் கல்லை இடித்துப் பொடியாக்கி, அருகிலுள்ள காவ்லிங் என்ற ஊரின் வெண்களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்தார்கள். கயோலின் என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். சக்கரத்தில் வனைந்து, உலர்த்தி, சீவிய கலத்தின் மீது, சுடாத நிலையிலேயே கோபால்ட் தாதுவைக் குழைத்து ஓவியம் தீட்டினார்கள். உலர்ந்த மண் தூரிகையின் ஈரத்தை அக்கணமே உறிஞ்சிக்கொள்ளும். இட்ட கோட்டை அழித்துத் திருத்த வழியில்லை. தீட்டும்போது சாம்பல் கலந்த கருமையாகத் தெரியும் அந்த வண்ணத்தின் மேல் கண்ணாடிப் பூச்சைக் கொடுத்து, 1,300 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் ஒரே முறை சுட்டு எடுத்தால், பூச்சுக்கு அடியில் நீலம் எழுந்து நிற்கும்.

காலவரிசையை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம். இக்கலை முழு உருவம் பெற்றது யுவான் காலத்தில் (1271–1368). பிறகு மிங் (1368–1644), அதன்பின் மஞ்சு மரபினரின் சிங் வம்சம் (1644–1912). மிங் காலத்தில் யோங்லெ (1403–1424), சுவாண்டெ (1426–1435), செங்ஹுவா (1465–1487), ஜியாஜிங் (1522–1566), வான்லி (1573–1620) ஆகிய ஆட்சிகளையும், சிங் காலத்தில் காங்சி (1662–1722), யோங்செங் (1723–1735), சியான்லோங் (1736–1795), குவாங்சு (1875–1908) ஆகிய ஆட்சிகளையும் அறிந்தால் பெரும்பாலான உரையாடல்களைப் பின்தொடர முடியும்.

முதல் படி: மேசையைத் தயார் செய்தல்

விரலில் மோதிரமும் மணிக்கட்டில் கடிகாரமும் இருந்தால் கழற்றி வையுங்கள். மேசையில் தடித்த துண்டு ஒன்றை விரித்து, பகல் வெளிச்சம் விழும் இடத்தில் அமருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று, சிறிய டார்ச் விளக்கு ஒன்று, ஈரப் பஞ்சு கொஞ்சம், இவை போதும். கலத்தைக் கைப்பிடியாலோ விளிம்பாலோ தூக்காமல், ஒரு கையை அடியிலும் மறு கையை உடலிலும் கொடுத்துத் தூக்க வேண்டும். மூடி இருந்தால் அதை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கவிழ்க்கும்போது உடைவது பெரும்பாலும் மூடிதான்.

இரண்டாம் படி: இது சீனப் பொருள்தானா?

நீலமும் வெள்ளையுமாக இருப்பதெல்லாம் சீனப் பீங்கான் ஆகிவிடாது. ஹாலந்தின் டெல்ஃப்ட் பாத்திரங்கள் தகரம் கலந்த வெள்ளைப் பூச்சு பூசிய சாதாரண மட்பாண்டங்கள். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்த இடத்தைப் பார்த்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ சொரசொரப்பான மண் தெரிந்துவிடும். பீங்கானில் அதே இடம் வெள்ளையாக, உடைந்த கற்கண்டைப் போல நெருக்கமாக இருக்கும். ஜப்பானின் அரிதா கலங்களில், சூளையில் அடி தொய்ந்துவிடாமல் முட்டுக் கொடுத்த சிறு புள்ளித் தழும்புகள் அடிப்பரப்பில் காணப்படுவதுண்டு.

நம் ஊர்ப் பழைய சாமான் கடைகளில் மிக அதிகமாகச் ‘சீனா’ என்று விற்கப்படுவது இங்கிலாந்தின் வில்லோ தட்டு. பாலம், அதன்மேல் மூன்று மனிதர்கள், வளைந்த மரம், வானில் இரண்டு பறவைகள் என்று வரும் அந்தச் சித்திரம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் பீங்கான்காரர்கள் சீனக் காட்சிகளைப் பார்த்து உருவாக்கியது. அதைத் தூரிகையால் தீட்டவில்லை. செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளுக்கு மாற்றி, தாளிலிருந்து தட்டுக்கு ஒற்றினார்கள். லென்ஸை வைத்து விளிம்பு அலங்காரத்தைச் சுற்றிவந்தால், தாளின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் கோலம் பொருந்தாமல் வெட்டுப்பட்டு நிற்பதைப் பெரும்பாலும் காணலாம். செட்டிநாட்டு வீடுகளில் ‘மங்குச் சாமான்’ என்ற பேச்சு உண்டு. மலாய் மொழியில் கிண்ணத்துக்கு மங்குக் என்றே பெயர். அந்தச் சொல் கடல் கடந்து வந்த வழியிலேயே கலங்களும் வந்தன என்றாலும், ஐரோப்பியத் தட்டுகளும் எனாமல் பாத்திரங்களும் அதே அலமாரியில் கலந்துதான் கிடக்கின்றன.

மூன்றாம் படி: அடியைப் படித்தல்

கலத்தைக் கவிழ்த்துத் துண்டின்மேல் வையுங்கள். நடுவில் எழுத்து இருந்தால் அதை இப்போதைக்கு மறந்துவிட்டு, கலம் தரையில் ஊன்றி நிற்கும் அடிவளையத்தை மட்டும் பாருங்கள். பூச்சு இல்லாமல் மண் வெறுமையாக நிற்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுதான்; குயவரின் கை மிக வெளிப்படையாகத் தெரிவதும் அங்கேதான்.

யுவான் காலத்துப் பெரிய ஜாடிகளிலும் தட்டுகளிலும் அடிப்பரப்பு முழுவதும் பெரும்பாலும் பூச்சில்லாமல் இருக்கும். மண்ணிலுள்ள இரும்பு சூளையில் மேலெழுந்து, பூச்சின் ஓரத்தை ஒட்டி ஆரஞ்சு நிறச் சாயையாகப் படிந்திருக்கும். மிங் இறுதியில் ஏற்றுமதிக்கென வேகவேகமாகச் செய்யப்பட்ட கிராக் தட்டுகளில், சூளை மணல் அடிவளையத்தில் ஒட்டி உருகிக் கிடக்கும். சீவிய கத்தி அதிர்ந்ததால் நடுவிலிருந்து ஆரங்களாகப் பிரியும் மெல்லிய கோடுகள் பூச்சுக்கு அடியில் தெரியும். காங்சி, யோங்செங் காலங்களின் நல்ல கலங்களில் வளையம் இருபுறமும் சீவப்பட்டு உருண்டு, விரல் வழுக்கும்படி இருக்கும். சீனச் சேகரிப்பாளர்கள் இதை அயிரை மீனின் முதுகு என்கிறார்கள். அயிரையைக் கையில் பிடித்துப் பார்த்த நமக்கு இந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. அக்கால மண்ணை அவர்கள் ஒட்டரிசி மாவுக்கு ஒப்பிடுவதும் பொருத்தமே.

இந்த இரும்புச் சாயையைப் போலி செய்பவர்களும் அறிவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கடையில் ‘மிங் தட்டு’ என்று ஒன்றை வாங்கினேன். அடிவளையத்தில் அழகான ஆரஞ்சுப் படிவு. அதுவே என்னை மயக்கியது. வீட்டுக்கு வந்து ஈரப் பஞ்சால் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். பஞ்சு தேநீர் நிறத்துக்கு மாறியது. வளையம் சுண்ணாம்பு வெள்ளையாக வெளிறியது. சூளையில் உண்டான சாயை மண்ணோடு சேர்ந்தது, கழுவினால் போகாது. அது பூச்சின் ஓரத்தில் அடர்ந்தும் விலகிச் செல்லச் செல்ல மெலிந்தும் இருக்கும். தடவிய கறை எங்கும் ஒரே அளவாகப் பரவி, பள்ளங்களில் மட்டும் தேங்கி நிற்கும். ஈரப் பஞ்சைக் கடையிலேயே கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

பல நூற்றாண்டுகள் மேசையிலும் தரையிலும் நகர்ந்த வளையத்தில் தேய்மானம் உயர்ந்த இடங்களில் அதிகமாகவும் தாழ்ந்த இடங்களில் குறைவாகவும் விழுந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்த வளையத்தில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

நான்காம் படி: உடலும் வடிவமும்

கையை உள்ளே விட முடிந்தால் விட்டுப் பாருங்கள். யுவான், மிங் காலப் பெரிய ஜாடிகளும் பூச்சாடிகளும் ஒரே மூச்சில் வனையப்பட்டவை அல்ல; பகுதி பகுதியாகச் செய்து, குழைத்த மண்ணால் ஒட்டப்பட்டவை. வெளியே சீவி மறைக்கப்பட்ட அந்த இணைப்பு, உட்புறத்தில் கிடைமட்டமான மேடாக விரலுக்குத் தட்டுப்படும். அச்சில் வார்த்த நவீனக் கலத்தில் உட்புறம் வெளிப்புறத்தின் நகலாக, எங்கும் ஒரே கனத்தில் இருக்கும். வடிவத்தைப் பொறுத்தவரை புத்தகப் படங்களைவிட அருங்காட்சியகக் கலங்களோடு பழகுவதே நல்லது. படத்தில் உயரம் தெரியாது, கனம் தெரியவே தெரியாது.

ஐந்தாம் படி: கண்ணாடிப் பூச்சு

டார்ச் ஒளியைச் சாய்வாக விழவிட்டால் பூச்சின் மேற்பரப்பு தன் இயல்பைக் காட்டிவிடும். யுவான், ஆரம்ப மிங் காலப் பூச்சு சற்றுக் கெட்டியாக, மெல்லிய நீலச்சாயலோடு இருக்கும். சுவாண்டெ காலக் கலங்களில் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற நுண்குழிகள் தெரிவதுண்டு. மிங் இறுதிக் கலங்களில் மண்ணும் பூச்சும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்காததால், விளிம்பில் பூச்சு சிறு சிறு செதில்களாக உதிர்ந்திருக்கும். ஜப்பானியர் இதைப் பூச்சி அரித்தது என்று சொல்லி ரசிப்பார்கள்.

பயன்பாட்டில் விழுந்த கீறல்கள் நீளத்திலும் திசையிலும் ஆழத்திலும் வெவ்வேறாக இருக்கும். தட்டின் குழிந்த நடுப்பகுதியில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும். புதிய பளபளப்பைக் குறைக்க அமிலத்தில் கழுவிய பூச்சு, தேய்மானமே இருக்க முடியாத மூலைகளிலும் சேர்ந்து மங்கியிருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: கடலடியில் கிடந்த கலங்களும் எங்கும் மங்கிப்போயிருக்கும். 1752இல் மூழ்கிய கெல்டர்மல்சன் என்ற டச்சுக் கப்பலிலிருந்து 1985இல் எடுக்கப்பட்டு, மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்ட ஒன்றரை லட்சம் அளவிலான கலங்களும், 1822இல் மூழ்கிய டெக் சிங் கப்பலின் சுமார் மூன்றரை லட்சம் கலங்களும் உலகச் சந்தையில் பரவியுள்ளன. இவற்றுக்கு ஏல நிறுவனத்தின் ஒட்டுச்சீட்டு இருக்கும். ஒட்டுச்சீட்டையும் போலி செய்கிறார்கள் என்பதால், ஏலப் பட்டியலில் அதே எண்ணில் அதே வகைக் கலம் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சிலுள்ள நுண்குமிழ்களைக் கொண்டு வயதைச் சொல்லலாம் என்று பலர் எழுதுகிறார்கள். விறகுச் சூளையில் சுட்ட பழைய கலங்களில் பெரிதும் சிறிதுமாகக் குமிழ்கள் கலந்திருப்பது உண்மைதான். ஆனால் இன்றும் விறகில் சுடுபவர்கள் இருக்கிறார்கள். குமிழை மட்டும் நம்பி நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

ஆறாம் படி: நீலம்

இங்கே அவசரப்படக் கூடாது. யுவான் காலத்திலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உயர்ந்த கலங்களுக்கு மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்ட் பயன்பட்டது. அதில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. சீனாவில் கிடைத்த கோபால்ட்டில் நேர்மாறாக மாங்கனீசு மிகுதி. அதனால் நீலம் சற்றுச் சாம்பலாகவோ ஊதாவாகவோ சாயும். மேற்காசியக் கோபால்ட்டில், தூரிகை வண்ணத்தை அதிகமாக விட்ட இடங்களில் இரும்பு திரண்டு கருநீலப் புள்ளியாகிப் பூச்சைத் துளைத்து நிற்கும். அந்தப் புள்ளியைச் சாய்ந்த ஒளியில் பாருங்கள்: அங்கே பளபளப்பு மாறி, உலோகம் போன்ற மங்கல் தெரியும், நகத்தின் நுனியை மெல்ல ஓட்டினால் சிறு பள்ளம் தட்டுப்படும். 18ஆம் நூற்றாண்டில் யோங்செங், சியான்லோங் காலக் கலைஞர்கள் முன்னோரின் இந்தத் தோற்றத்தை விரும்பி, தூரிகை நுனியால் வேண்டுமென்றே புள்ளிகள் வைத்தார்கள். அவை வண்ணம் தானாகத் தேங்கும் இடத்தில் அமையாமல், ஓரளவு சீரான இடைவெளியில், பூச்சுக்கு அடியில் அடங்கிக் கிடக்கும்.

செங்ஹுவா காலத்தில் உள்நாட்டுக் கோபால்ட்டால் மென்மையான, அடக்கமான நீலம் வந்தது. ஜியாஜிங் காலத்தில் ஊதாவை நெருங்கும் ஆழ்நீலம் வந்தது. காங்சி காலத்தில் உள்நாட்டுக் கோபால்ட்டை நன்கு தூய்மைப்படுத்திப் பயன்படுத்தியதால், நீலக்கல் போன்ற தெளிவு கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைக் கோபால்ட் நுழைந்த பிறகு, தட்டையான, கண்ணை உறுத்தும் ஊதாநீலம் மலிவுக் கலங்களில் பரவியது. ‘மிங்’ என்று உங்கள் கையில் வைக்கப்படும் கலத்தில் இந்த உறுத்தல் இருந்தால் மேற்கொண்டு நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஏழாம் படி: தூரிகையின் போக்கு

ஒரு தாமரை இதழை எடுத்துக்கொண்டு, அதற்குள் நீலத்தை எப்படி நிரப்பியிருக்கிறார்கள் என்று லென்ஸில் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறிய தூரிகையால் அடுத்தடுத்து இழுத்து நிரப்பினார்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களில் அடர்நீலப் பட்டைகள் தெரியும். பிற்பாடு முதலில் எல்லைக்கோடு வரைந்து, உள்ளே நீர்த்த நீலத்தைச் சீராகப் பாய்ச்சும் முறை நிலைத்தது. காங்சி கலைஞர்கள் ஒரே பாறையில் ஐந்தாறு படிநிலைகளாக நீலத்தை அடுக்கி, மை ஓவியத்தின் ஆழத்தைக் கொண்டுவந்தார்கள். போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தயக்கம். மூலத்தைப் பார்த்துப் பார்த்து வரைபவரின் கோடு நடுவில் நின்று நின்று செல்லும். நின்ற ஒவ்வொரு இடத்திலும் உறிஞ்சும் மண் ஒரு சிறு பொட்டை வாங்கி வைத்திருக்கும். நாள்தோறும் நூறு கிண்ணத்துக்கு அதே கொடியை வரைந்தவரின் கோடு, அலங்கோலமாக இருந்தாலும் தயங்காது.

எட்டாம் படி: இப்போது குறியைப் படிக்கலாம்

ஆட்சிக் குறி வழக்கமாக ஆறு எழுத்துகள், இரு வரிசை. வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ‘மாபெரும் மிங் வம்சத்தின் சுவாண்டெ ஆண்டுகளில் செய்யப்பட்டது’ என்பது போன்ற பொருளில், வம்சமும் ஆட்சிப் பெயரும் அதில் இருக்கும். குறியில் உள்ள பேரரசரின் காலத்தில்தான் கலம் செய்யப்பட்டது என்று கொள்ளக் கூடாது. முன்னோர் மீதான மதிப்பால், காங்சி காலக் கலங்களில் செங்ஹுவாவின் பெயரும் சுவாண்டெயின் பெயரும் ஏராளமாக எழுதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டுக் கலங்களில் காங்சியின் பெயரை நான்கு எழுத்துகளில் எழுதுவது வழக்கமாகவே ஆயிற்று. அதை மோசடி என்று சொல்வதைவிட மரபு என்று சொல்வதே நியாயம். மோசடி விற்பவரின் வாயில் தொடங்குகிறது.

சுவாண்டெ குறியில் கவனிக்க ஒன்று உண்டு. ‘டெ’ என்ற எழுத்தின் வலப்பகுதியில், கீழே உள்ள இதயம் என்னும் உறுப்புக்குச் சற்று மேலே ஒரு கிடைக்கோடு இருப்பது வழக்கம். உண்மையான சுவாண்டெ குறிகளில் அந்தக் கோடு பொதுவாக இருப்பதில்லை. போலி செய்பவர்களும் இதை அறிந்துவிட்டதால், கோடு இருந்தால் சந்தேகப்படலாமே தவிர, இல்லாததால் நம்பிவிட முடியாது.

1677இல் ஜிங்டெஜென் அதிகாரி ஒருவர், உடையும் கலத்தில் பேரரசரின் பெயர் இருக்கலாகாது என்று தடை விதித்தார். எனவே காங்சி காலத்தின் ஒரு பகுதியில் எழுத்துக்குப் பதிலாக இலை, தாமரை, அல்லது வெறும் இரட்டை வட்டம் மட்டும் அடியில் காணப்படும். சதுர முத்திரை வடிவ எழுத்து சிங் கலங்களில் யோங்செங் காலத்தில் பரவத் தொடங்கி சியான்லோங் காலத்தில் வழக்கமானது. அந்த வடிவில் மிங் பெயர் வந்தால், அரிதாகக் கிடைக்கும் யோங்லெ குறிகளைத் தவிர, அது பெரும்பாலும் பிற்கால வேலை. ரோமன் எழுத்தில் ‘சைனா’ என்று பொறித்திருந்தால், அது 1891க்குப் பிந்தைய ஏற்றுமதிப் பொருளாகவே பெரும்பாலும் இருக்கும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

குறியே இல்லாத காலத்துக்கு, தேதி எழுதிய கலங்கள்தான் அளவுகோல். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் சாடிகள் இரண்டும் சுமார் 63 செ.மீ. உயரம், யானைத்தலைக் கைப்பிடி கொண்டவை, கோயில் ஒன்றுக்குக் காணிக்கையாக அளித்த செய்தி, 1351ஆம் ஆண்டுக்குரிய தேதியோடு கழுத்தில் எழுதப்பட்டுள்ளது. இவற்றோடு இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையிலும் ஈரானின் ஆர்தபீல் தலத்திலும் இருந்த கலங்களை ஒப்பிட்டுத்தான் யுவான் நீல-வெள்ளை என்ற வகையையே 1950களில் அறிஞர்கள் வரையறுத்தார்கள். ஆர்தபீல் கலங்களில், ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் தானமாக அளித்ததற்கான சிறிய முத்திரை பூச்சைக் கீறிப் பொறிக்கப்பட்டிருப்பதையும் காணலாம்.

ஒன்பதாம் படி: ஒட்டும் ஒடிவும்

கலத்தை உள்ளங்கையில் நிறுத்தி விரல் முட்டியால் மெல்லத் தட்டினால், முழுமையான கலம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓசை அடைத்துவிடும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், ஒட்டுப்போட்ட பிசின் பூச்சிலிருந்து வேறுபட்டு வெளிறி ஒளிரும். கழுத்து வெட்டப்பட்டு விளிம்பு சீராகத் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உடைந்த வாயைக் குறைத்து ‘குட்டைச் சாடி’யாக்குவது பழைய தந்திரம்.

பத்தாம் படி: கைமாறிய வரலாறும் சோதனைகளும்

மேற்கண்டவை அனைத்தும் ஒரே காலத்தைக் காட்டினால் மட்டுமே முடிவுக்கு வர வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் விளக்கம் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. பெரிய தொகை என்றால் எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை கலத்துக்குச் சேதமின்றி மாங்கனீசு, இரும்பு விகிதத்தைக் காட்டும். வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு அடியில் சிறு துளையிட்டு மண் எடுக்க வேண்டும்; கடைசியாகச் சுட்ட காலத்தைத் தோராயமாகச் சொல்லும். இதையும் ஏமாற்றுகிறார்கள்: உடைந்த பழைய கலத்தின் அடியைப் புதிய உடலோடு பொருத்திவிட்டால், அடியில் எடுத்த மண் பழையது என்றே சான்றிதழ் வரும். எனவே மாதிரியை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த வீட்டில், யார் கையில் இருந்தது என்பதற்கான ரசீதும் பழைய புகைப்படமும் சான்றிதழைவிட மேலானவை. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987இல் நடந்த அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன என்பதைச் சொல்லியே, தென்கடற்கரையில் தோண்டி எடுத்தது என்று கலங்களை விற்க முற்படுபவர்கள் உண்டு. அகழாய்வில் கிடைப்பவை பெரும்பாலும் ஓடுகளே. முழுக்கலம் நீட்டப்பட்டால் ஐயம் கொள்ளுங்கள், உண்மையாகவே மண்ணிலிருந்து எடுத்தது என்றால் வாங்கவே வாங்காதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. நூறாண்டுக்கு உட்பட்டதுதான் என்று நீங்கள் கருதும் கலமானாலும், பயணத்துக்கு முன்பே தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்ற சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் அடியைத் திருப்பிக் காட்டி வாதாட முடியாது.